அன்புள்ள ஆயா

பொன்னியம்மாவைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று என் மனைவி லோகநாயகி கேட்கிறாள். ஒரு உரிமையும் இல்லை. தப்புச் செய்தவன் வாக்குமூலம் எழுத யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபத்தாறாம் வருஷம் நான் பட்டாபிராம் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். மனோகரன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. 'புக்கிங் சாரு' என்றால்தான் தெரியும். டிக்கெட் ஜன்னலின் பொந்து வழியாகப் பார்த்தால் வருகிறவர்களின் முகம் தெரியாது, கைதான் தெரியும். பொன்னியம்மாவையும் நான் முதலில் கையாகத்தான் அறிவேன். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், வளையல் இல்லாத மணிக்கட்டு. தினமும் காலை வண்டிக்கு ஆவடிக்கு ஒரு டிக்கெட் எடுப்பாள். அந்த மணிக்கட்டுக்கு வயது இருபத்து மூன்றுதான். புருஷன் முனியன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவள் ஐந்து மாசக் கர்ப்பிணி.

அவள் பிறந்தது அயனம்பாக்கம் ஏரிக்கரையில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பிறத்தியார் கழனியில் கூலிக்கு இறங்கியவர்கள். தங்கை நாகவல்லியைப் பட்டாபிராமில் மிலிட்டரி சரக்கு வண்டி நிற்கும் சைடிங்கில் மூட்டை இறக்கும் தங்கவேலுக்குக் கொடுத்திருந்தார்கள். புருஷன் போனபின் பொன்னியம்மா தங்கை வீட்டுக்கே வந்து, அங்கேயே பெண் குழந்தையையும் பெற்றாள். வேம்புலியம்மன் பேரை வைத்து வேம்பு என்று கூப்பிட்டார்கள். நாகவல்லிக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. ஆகவே அக்கா வேலைக்குப் போனதும் குழந்தை தங்கையின் இடுப்பில் ஏறிக்கொண்டது. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

வேலை என்னவென்றால், ஆவடியில் மிஷின் பொருத்த வந்திருந்த பார்லோ என்ற வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. நம் ஆட்கள் அவரைப் 'பார்லி துரை' என்றே சொல்வார்கள். மனுஷர் தங்கமானவர், பழங்காலத்துக் கோட்டை, சமாதி, இடிந்த சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவார். ஒப்பந்தம் முடிந்ததும் அவருக்கு இத்தாலியில் போலோனா என்ற ஊரில் அடுத்த வேலை கிடைத்தது. குழந்தைகள் பொன்னியம்மாவை விட்டு இருக்காது, ஒரே ஒரு வருஷம் கூட வா, திரும்பும்போது சொந்தமாக ஒரு மனை வாங்கி ஓட்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று துரையம்மா மன்றாடினாள்.

பொன்னியம்மா என் ஜன்னலுக்கு வந்தாள். டிக்கெட் கேட்கவில்லை.

"சாரு, இத்தாலி எந்த லைன்ல கீது? அரக்கோணம் தாண்டியா?"

"எந்த லைனும் இல்லம்மா. பம்பாய் போய்க் கப்பல் ஏறணும்" என்றேன்.

கை பொந்திலிருந்து விலகியது. பிறகு குனிந்து முகத்தைக் காட்டினாள். "ஒண்ணரை வயசுப் புள்ளைக்கு ஒரு வருசத்துக்கு ஆத்தா மூஞ்சி ஞாபகம் இருக்குமா?"

"ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம், கண் மூடித் திறக்கிறதுக்குள்ளே ஓடிடும்" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை. பின்னால் வரிசையில் ஆள் நின்றது, வண்டிக்கு மணியடித்துவிட்டது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வேம்பு அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடித்தாள் பொன்னியம்மா. குழந்தை வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து அலறும். இவளும் சேர்ந்து அழுவாள். பதினாறாம் நாள் குழந்தை தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வாரமே கிளம்பினாள்.

மூன்று மாசம் கழித்து முதல் கார்டு வந்தது. ஒரு பக்கம் கலர் படம், மறுபக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ். பொன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் துரையம்மா எழுதியது. நாகவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்கு இங்கிலீஷில் அறுபத்தெட்டு மார்க் என்பதை ஊர் முழுக்க நானே பரப்பியிருந்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் இங்கிலீஷில் ஒரு தரம் முழங்கினேன். பிறகு தமிழில் சொன்னேன். சௌக்கியம். ஃபெராரா என்ற ஊருக்குப் போனோம். ஊர் நடுவிலே செங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி. குழந்தை எப்படி இருக்கிறாள்? கடைசி வரிக்கு வந்தேன். 'இப்படிக்கு, அன்புள்ள ஆயா' என்றேன்.

அப்படித்தான் எழுதியிருந்தது. துரையம்மாவுக்கு அவள் எப்போதும் ஆயாதான். வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கிறவளுக்கு அதுதான் பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.

நாகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாது, ஆயாவா? சீமைக்குப் போயி மூணு மாசத்துல அக்கா கெயவி ஆயிடுச்சா?" நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்ததைப் பார்த்துக் குழந்தையும் கை தட்டியது. அதோடு விட்டிருக்கலாம். நான் ஒரு கூத்தாடி. அடுத்த கார்டு வந்தபோது கடைசி வரியை வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "இப்படிக்கு, அன்புள்ள... ஆயா!" என்று ராகம் போட்டு முடித்தேன். குழந்தை குதித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் அதே ஆட்டம்தான். வேம்பு பேச ஆரம்பித்தபோது தபால்காரரைக் கண்டால், "ஆயா காயிதம் வந்துச்சா?" என்று தெருவில் ஓடுவாள்.

கார்டுகளில் வந்த ஊர்களை என் பள்ளிக்கூட அட்லஸில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ரோமாபுரி இருந்தது, வெனிஸ் இருந்தது. துரை போன ஊர்களில் பாதி இல்லை. எல்லாரும் போகிற ஊர் அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பேர் தெரியாத பழைய ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவரும் துரையம்மாவும் புத்தகமும் கையுமாக முன்னால் போவார்கள். கருங்கல் பாவிய தெருவில் கடகடவென்று இரட்டைத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் பொன்னியம்மா. புடவைமேல் துரையம்மாவின் பழைய கோட்டு, காலில் சாக்ஸ். இதையெல்லாம் அவள் திரும்பி வந்தபிறகுதான் சொன்னாள். கார்டில் நாலு வரிக்குமேல் இடமில்லை.

ரவென்னா என்று ஒரு ஊர். அங்கே வெளியில் பார்த்தால் மாட்டுக் கொட்டகை போல ஒரு சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே போனால் கூரை முழுக்க நீலம், நீலத்தில் எண்ண முடியாமல் பொன் நட்சத்திரம். மெல்லிய கல்லைப் பலகைபோல அறுத்து ஜன்னலுக்கு வைத்திருந்தார்களாம், வெளிச்சம் தேன் நிறத்தில் விழுமாம். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவள், துரை ஏதோ விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் துரையம்மாவிடம் இது என்ன இடம் என்றாள். ஒரு ராணியின் சமாதி என்று சொல்கிறார்கள் என்றாள் துரையம்மா. பொன்னியம்மா வெளியே பாய்ந்து வந்துவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் குழந்தைகளைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரையம்மாவுக்கு விஷயம் புரியவே அரை மணி ஆயிற்று. கடைசியில் துரை தெருக் குழாயில் தன் தொப்பியில் தண்ணீர் பிடித்து வந்து அவள் தலையில் ஊற்றினார். போகிற வருகிறவர்கள் ஞானஸ்நானம் என்று நினைத்துக் கைகூப்பினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் பொன்னியம்மா வாய்விட்டுச் சிரிப்பாள்.

மாந்துவா என்ற ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் ஏரி. அரண்மனைக்குள் போன துரை ரெண்டு மணி நேரமாகத் திரும்பவில்லை. குழந்தைகள் வண்டியிலேயே தூங்கிப்போக, இவள் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு திருப்பத்தில் ஏரி முழுக்கத் தாமரை. நம்ம தாமரை, அதே இலை, அதே ரோஸ் நிறம். "அயனம்பாக்கத்துல பொறந்தவ கண்ணுக்கு எப்டி இருக்கும், நீயே சொல்லு சாரு. ரெண்டு கன்னத்துலயும் அடிச்சிகினு அயுதேன்" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு மொட்டைப் பறித்தாள். வேம்புக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அப்புறம்தான் கடல் ஞாபகம் வந்தது. பூவைத் தூங்குகிற குழந்தைகளின் காலடியில் போட்டுவிட்டாள்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. குழந்தைக்கு நாக்குத் திரும்பியபோது நாகவல்லியைச் 'சின்னம்மா' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். 'சின்ன' என்பது மழலை வாயில் நிற்கவில்லை, 'ம்மா'தான் நின்றது. நாகவல்லி திருத்தவில்லை. வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாகச் சுற்றியவளிடம் ஒரு குழந்தை 'ம்மா' என்று ஓடி வந்தால் திருத்த நாக்கு எழுமா என்று இப்போது கேட்கிறேன். அப்போது நான் இதைக் கவனிக்கக்கூட இல்லை.

அறுபத்தேழு மே மாசம் லூக்கா என்ற ஊரிலிருந்து கார்டு வந்தது. படத்தில் ஒரு செங்கல் கோபுரம், கோபுரத்தின் தலையில் நிஜமான மரங்கள். "கோபுரத்துல மரம் மொளைச்சிகீதே, ஊர்ல கேட்பார் இல்லியா?" என்றாள் நாகவல்லி. நான் படிக்க ஆரம்பித்தேன். துரைக்கு வேலை நீடித்திருக்கிறது, இன்னொரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். அதன் கீழே துரையம்மா இரண்டு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'வேம்பு என்னை மறந்துவிட்டாளா என்று மட்டும் உண்மையாக எழுதச் சொல். மறந்திருந்தால் உடனே வந்துவிடுகிறேன். மறக்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இப்படிக்கு அன்புள்ள ஆயா.'

அன்றைக்கு நான் ராகம் போடவில்லை. நாகவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தபடி அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. அதனிடம் குனிந்து கேட்டாள். "வேம்பு, ஆயாவ மறந்துட்டியா?"

"இல்ல. ஆயா எங்க?" என்றது குழந்தை.

நாகவல்லி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எய்திக்க சாரு. மறக்கலையாம். தெனிக்கும் ஆயா எங்கன்னு கேக்குதாம்."

எழுதினேன். வேம்பு மறக்கவில்லை, ஆயா எங்கே என்று தினமும் கேட்கிறாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அதுதான் அதிலுள்ள அயோக்கியத்தனம். அன்றைக்கே உனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். அரைகுறையாகத் தெரியும். ராத்திரி சாப்பாடு போடும்போது லோகநாயகி, "அந்தக் குழந்தை ஆயான்னா யாருன்னு நெனச்சுக்கிட்டிருக்குன்னு நீங்க விசாரிச்சீங்களா?" என்றாள். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அடுத்த வருஷமும் அதே கேள்வி வந்தது. அதே பதிலை எழுதினேன்.

அறுபத்தொன்பது ஜூனில் பொன்னியம்மா வந்தாள். பம்பாய் வரை விமானம், அங்கிருந்து ரயில், சென்ட்ரலில் இறங்கி எங்கள் பாசஞ்சரைப் பிடித்தாள். நான் ஜன்னலை மூடிவிட்டுப் பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டேன். நாகவல்லி குழந்தைக்குப் பூ வைத்துச் சட்டை போட்டு அழைத்து வந்திருந்தாள். தங்கவேல் பின்னால் நின்றான். நாகவல்லி என் பக்கம் நகர்ந்து வந்தாள். "சாரு, பயமா கீது" என்றாள் என்னிடம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பொன்னியம்மா இறங்கினாள். நைலக்ஸ் புடவை, கையில் பெட்டி. பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். வேம்பு அவளைத் தாண்டி வண்டிப் பெட்டியின் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஆயா எங்க? எறங்கலியா?"

"நாந்தாண்டி கண்ணு."

வேம்பு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இல்ல. ஆயாவுக்கு முடி வெள்ளையா இருக்கும். பல்லு இருக்காது."

பொன்னியம்மா சிரித்தாள். குழந்தை வேடிக்கை பண்ணுகிறது என்றே நினைத்தாள். "ஆயா இன்னா ஆயா? அம்மாடி நானு. ஒன்ன பெத்த அம்மா."

குழந்தை பின்வாங்கி நாகவல்லியின் புடவைக்குள் புகுந்துகொண்டது. அங்கிருந்து முகத்தை மட்டும் நீட்டி, "எங்கம்மா இது" என்றது.

வண்டி கிளம்பிப் போயிற்று. பொன்னியம்மா எழுந்திருக்கவே இல்லை. மண்டியிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாரு, தெனிக்கும் கேக்குதுன்னு எய்தினியே."

"கேட்டதும்மா" என்றேன். "ஆயாவைக் கேட்டது."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியது அவள் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

"நீ படிச்ச மன்சன் சாரு" என்றாள். "ஆத்தாள மறந்துடுச்சின்னு ஒத்த வார்த்தை எய்தினா நான் நீந்தியாவது வந்திருப்பேனே."

அன்றைக்கு நாகவல்லி அக்காவின் காலில் விழுந்து கதறினாள். எனக்கு வேறு என்ன இருக்கிறது என்றாள். உடனே பிரித்தால் குழந்தை பயந்துவிடும், ஒரு மாசம் பழகட்டும், நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். தங்கையை அடிக்கக் கை ஓங்கிய பொன்னியம்மா, குழந்தை அலறியதைப் பார்த்துக் கையை இறக்கினாள். ஒரு மாசம் என்பது ஆறு மாசமாயிற்று. அதுவரை ஆயா என்றே கூப்பிடட்டும் என்று விட்டார்கள். பொன்னியம்மா அதே வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள்.

குழந்தைக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஆயா, கோபுரத்துல மரம் கீற ஊர் சொல்லு" என்று மடியில் வந்து படுக்கும். இவள் சொல்லுவாள். தெருவெல்லாம் கூரை போட்ட ஊர், மழையிலும் நனையாமல் நடக்கலாம் என்று போலோனாவைச் சொல்லுவாள். நட்சத்திரக் கூரையைச் சொல்லுவாள். நாகவல்லி அடுப்படியிலிருந்து, "வேம்பு, சோறு துன்ன வா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கதை பாதியில் நிற்கும், மடி காலியாகும்.

ஏழு வயதில் வேம்புக்கு உண்மை தெரிந்தது. தெருச் சண்டையில் எவளோ ஒருத்தி கத்திவிட்டாள். நேரே வந்து பொன்னியம்மாவைக் கேட்டாளாம். "நீதான் என்னப் பெத்தியா?" ஆமாம் என்றாள் இவள். "அப்ப ஏன் வுட்டுட்டு ஊர் சுத்தப் போன?" என்றாள் வேம்பு. அதற்குப் பிறகு கதை கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆயா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

லூக்கா ஊரைப் பற்றிப் பொன்னியம்மா என்னிடம் ஒரு நாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். அங்கே ஒரு கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அம்மாளின் உடம்பை வைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷம் ஆகிறதாம். பட்டுச் சட்டை, தலையில் பூ. ஜீட்டா என்று பெயர். ராணியா என்று கேட்டாள் இவள். இல்லை, வேலைக்காரி, பன்னிரண்டு வயதில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து சாகிறவரைக்கும் அங்கேயே இருந்தவள், இப்போது ஊருக்கே சாமி என்றாள் துரையம்மா. "அவங்களுக்குப் புள்ள குட்டி கீதான்னு கேட்டேன் சாரு. இல்லியாம். அதான் சாமியாயிட்டாங்கன்னு நெனச்சிகினேன்" என்றாள்.

பிறகு சொன்னாள். அந்த ஊரைச் சுற்றிப் பெரிய மதில், மேலே ரெண்டு கார் போகிற அகலம், இரண்டு பக்கமும் மரம். அன்றைக்குத் துரை நல்ல மனதோடு, குழந்தைகளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நீ போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா என்றார். தனியாக நடந்தாள். "கையில புள்ள இல்ல, தலையில கூடை இல்ல, இடுப்புல கொடம் இல்ல. பொறந்ததுலேர்ந்து அப்டி நடந்ததே இல்ல சாரு. ஒரு சுத்து வந்தேன். பத்தலை, இன்னொரு சுத்து போனேன். காத்து வந்துகினே இருந்துச்சி. எனக்கு ஒரு புள்ள கீதுன்றதே மறந்து போச்சி. நெசமா மறந்துட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்த சாயங்காலந்தான் ஒனக்கு அந்தக் காயிதம் எய்தச் சொன்னேன். நான் மறந்துட்டேனே, அதுவும் மறந்திருக்குமோன்னு பயம் வந்துடுச்சி."

"அதுல என்னம்மா தப்பு இருக்கு?" என்றேன்.

"தப்பு இல்லாமயா இப்டி ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மனுஷி வாழ்நாளில் ஒரு சாயங்காலம் சந்தோஷமாக நடந்ததற்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று டிக்கெட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சில்லறை இல்லை என்று சண்டை போட்டேன்.

பொன்னியம்மா இப்போது பூந்தமல்லியில் ஒரு பெண்கள் விடுதியில் ஆயாவாக இருக்கிறாள். நாற்பது பெண்கள், நாற்பதும் அவளை ஆயா என்றே கூப்பிடுகிறது. இத்தாலிப் பணத்தில் வாங்கிய மனையையும் அதில் கட்டிய ஓட்டு வீட்டையும் வேம்பு பேருக்கு எழுதிவிட்டாள். அதில் நாகவல்லி குடும்பம் இருக்கிறது. பெற்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஏன் போனாள், ராங்கிக்காரி என்று ஊரில் பேசுகிறார்கள். ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். அது நடந்தபோது நான் அந்த வீட்டு வாசலில் இருந்தேன்.

எழுபத்திரண்டில் வேம்புக்கு டைபாய்டு கண்டது. இருபது நாள் இறங்காத ஜுரம். பொன்னியம்மா அப்போது போய்க்கொண்டிருந்த வீட்டு வேலையை விட்டுவிட்டுப் பாய் ஓரத்திலேயே கிடந்தாள். நான் ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனேன். நாகவல்லி கொல்லையில் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னியம்மா ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

குழந்தை முனகியது. "ம்மா..."

பொன்னியம்மா துணியைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் அந்தச் சின்ன முகத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி குனிந்தாள். "இன்னாடி கண்ணு? அம்மா இங்கதான் கீறேன். இன்னா வேணும், சொல்லு."

வேம்பு கண்ணைத் திறந்தாள். ஜுரத்தில் சிவந்த கண்தான், ஆனால் தெளிவாகவே பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்தது. கோபமில்லாமல், ரொம்ப மரியாதையாக, களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"ஆயா, அம்மாவக் கூப்புடு ஆயா."

பொன்னியம்மா முகத்தை விட்டாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். கொல்லைப் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டாள்.

"நாகா, புள்ள கூப்புடுது பாரு. சீக்கிரம் வா."